சுதியைக் குறைத்தவன்

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிடலாமா தம்பி? எதிர்க்காத்து. தொண்டைக்கு ஆகாது. உங்களுக்கு வேர்க்கும், தெரியுது. ஆனா இந்தத் தொண்டை என் ஒருத்தனுக்கு மட்டும் சொந்தமானது இல்லை பாருங்க. சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பத்துல மேடை. அதுவரைக்கும் இதைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேக்கணும்.

என்னை அடையாளம் தெரியலையா? பரவாயில்லை. கோட்டு போடலைன்னா நிறையப் பேருக்குத் தெரியாது. வத்தலக்குண்டு கோவர்த்தனன். தேன்சாரல் இன்னிசைக் குழு. இந்த ரோட்டுல பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு போஸ்டர் ஒட்டியிருக்குமே. நீலக் கோட்டுல மைக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பெரிசா நிக்கிறது நான். என் தோளுக்குப் பின்னாடி கொஞ்சம் மங்கலா ஒரு முகம் தெரியும், அது கீபோர்டு இருதயராஜ். மங்கலாப் போடச் சொன்னது நான் இல்லை. அச்சகத்துல அப்படிப் போட்டுட்டாங்க. இருபது வருஷமா அதே அச்சகம்.

அந்தா, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டுல, கம்பியில தலையைச் சாய்ச்சுத் தூங்குறாரே, கட்டம் போட்ட சட்டை, அதுதான் இருதயராஜ். அதனாலதான் மெதுவாப் பேசுறேன். அவனுக்கு உடம்பு தூங்கினாலும் காது தூங்காது.

தம்பி, அந்த மனுசன் என்னைப் பதினாலு வருஷம் ஏமாத்தினான். பாத்தா அப்படித் தெரியாது. வாயில ஈ போறது தெரியாமத் தூங்குறான். ஆனா ஏமாத்தினான். காசு பணத்துல இல்லை. அதுல அவன் சுத்தம். குரல்ல ஏமாத்தினான். என் குரலை வச்சு என்னையே ஏமாத்தினான்.

கேளுங்க. பெரியகுளம் தாண்டுறதுக்குள்ள சொல்லிடுறேன்.

நாங்க சேந்து முப்பத்துநாலு வருஷம் ஆச்சு. அப்ப நான் ரேஷன் கடையில விற்பனையாளர். அவன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுல வாத்தியார். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஆர்மோனியம் வாசிப்பான். அவங்க இன்ஸ்டிட்யூட் ஆண்டு விழாவுக்கு என்னைப் பாடக் கூப்பிட்டாங்க. பக்கவாத்தியம் ஒண்ணும் கிடையாது. நான் பாட்டுக்கு எடுத்துட்டேன். ரெண்டாவது வரியில மேடை ஓரத்துலேருந்து ஆர்மோனியம் வந்து ஒட்டிக்கிச்சு. நான் எந்தச் சுதியில பாடுறேன்னு தேடிப் பிடிச்சு வந்து சேந்துட்டான். அன்னைக்கு முடிவு பண்ணினேன், இந்தப் பையனைத் தூக்கிவிடணும்னு. தூக்கிவிட்டேன். என் கூட வச்சுக்கிட்டேன். இதை அவன் எந்த இடத்துலயும் மறுத்ததில்லை.

சுதின்னா புரியுதுல்ல? பாட்டு எந்த உசரத்துல ஆரம்பிக்குதுங்கிறது. நாங்க கட்டைன்னு சொல்லுவோம். ஒரு கட்டை ஏத்தினா மேல் வரி எல்லாம் மொட்டை மாடிக்குப் போயிடும். குறைச்சா இறங்கி வந்துடும். பெரிய பெரிய பாடகருங்க எல்லாம் அம்பது வயசுக்கு மேல குறைச்சுக்கிட்டாங்க. தொண்டை ஒத்துழைக்கலை, பாவம். நான் குறைக்கலை. அறுபத்துநாலு வயசு. தயிர் தொடுறதில்லை, ஐஸ் தொடுறதில்லை, காலையில மிளகுத் தண்ணி. இருபத்தஞ்சு வயசுல பாடின அதே கட்டையிலதான் இன்னைக்கும் பாடுறேன்னு ஒவ்வொரு மேடையிலயும் சொல்லுவேன். மைக்கைப் பிடிச்சதும் முதல்ல அதைத்தான் சொல்லுவேன். ஜனம் கை தட்டும். இருதயராஜ் கீபோர்டுக்குப் பின்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பான். அடக்கம்னு நினைச்சேன்.

அடுத்து என் கற்பனை. அதைச் சொல்லாம என்னைச் சொன்ன மாதிரி ஆகாது. மத்தவங்க எல்லாம் ரெக்கார்டுல இருக்குறதை அப்படியே பாடுவாங்க. நான் அப்படி இல்லை. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி பாட்டை நிறுத்திட்டு ஜனத்தைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பேன். அந்த நேரத்துல இருதயராஜ் ஒரு புல்லாங்குழல் சத்தத்தை விட்டு நீளமா இழுப்பான். சில நாள் ஒரு நிமிஷம், சில நாள் ரெண்டு நிமிஷம். எனக்கு வரி வந்ததும், அதாவது எடுக்கணும்னு எனக்குத் தோணினதும், எடுப்பேன். தேனி பக்கமெல்லாம் இதுக்குக் கோவர்த்தனன் சிரிப்புன்னே பேரு. இந்த யோசனை எப்படி வந்துச்சுன்னு ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். அதெல்லாம் உள்ளேருந்து வர்றதுன்னு சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன தை மாசம் இவன் குளிக்கப் போன இடத்துல வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைச்சுக்கிட்டான். மாவுக்கட்டு. அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்குப் பாராட்டு விழா. எங்க ஊர்லயே ஒரு சங்கத்தோட ஆண்டு விழாவுல எனக்கு இசைச் செம்மல்னு பட்டம் குடுத்து, நானே ஒரு மணி நேரம் பாடுற மாதிரி ஏற்பாடு. பாருங்க, ஒரு மனுசன் வழுக்கி விழுறதுக்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா?

இவன் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே மாத்து ஆள் ஏற்பாடு பண்ணிட்டான். ரூபி டீச்சர். பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர், சர்ச்சுல கொயருக்கு வாசிக்கிறவங்க. நல்ல பொண்ணு. எழுதியிருக்குறதை எழுதியிருக்குற மாதிரி வாசிக்கும். இவனோட கீபோர்டையே எடுத்துக்கச் சொல்லிட்டான்.

நான் பாக்கப் போனப்ப, தலைகாணிக்கு அடியிலேருந்து ஒரு பழுப்பு கவரை எடுத்துக் குடுத்தான். உள்ள ஒரு நோட்டு. ரூபி கையில சேத்துடு, நீ பிரிச்சுப் பாக்க வேண்டாம்னு சொன்னான். பிரிச்சுப் பாக்க வேண்டாம்னு ஒருத்தன் சொன்னா என்ன அர்த்தம் தம்பி? உன்னைப் பத்தி எழுதியிருக்கேன்னு அர்த்தம். வீட்டுக்குப் போறவரைக்கும்கூடப் பொறுக்கலை. ஆஸ்பத்திரி வாசல்ல இளநிக்கடைப் பக்கம் நின்னு பிரிச்சுட்டேன்.

நடுவுல பிரிச்சேன். பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் நேரா "கோ – 2 குறை." அடுத்த பாட்டு, "கோ – 2 குறை." இன்னொண்ணுல, "கோ – 3 குறை." கோன்னா நான்தான், கோவர்த்தனன். நான் என்ன நினைச்சேன்னா, எனக்கு ரெண்டு பாட்டைக் குறைக்கச் சொல்றான், மூணு பாட்டைக் குறைக்கச் சொல்றான். கீழே பொடி எழுத்துல இன்னும் என்னென்னமோ. "ரெண்டாம் சரணம் கோ மறப்பான். குழல் இழு." "கோ சிரித்தால் வரி போச்சு என்று அர்த்தம்." "இங்கே கோவுக்கு மூச்சு வேண்டும். நிரப்பு."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பட்டம் வாங்கப் போற நேரத்துல, கூடவே இருந்தவன் என் குறையைப் பட்டியல் போட்டு ஒரு பள்ளிக்கூட டீச்சருக்குக் குடுத்து விடுறான். அதையும் என் கையிலயே குடுத்து விடுறான். பொறாமைன்னு முடிவு பண்ணினேன். கவரை வீட்டுல பீரோவுல வேட்டிக்கு அடியில வச்சுட்டேன். ரூபிகிட்ட மூச்சு விடலை. ரிகர்சலுக்கு வாங்க சார்னு அது ரெண்டு தடவை போன் பண்ணுச்சு. முப்பத்துநாலு வருஷம் பாடினவனுக்கு என்னம்மா ரிகர்சல்னு சொல்லிட்டேன்.

ஒரு நியாயம் சொல்லுங்க. இருதயராஜ் ரூபிக்குப் போன் போட்டு நோட்டு வந்துச்சான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேக்கலை. கோவர்த்தனன் குடுத்திருப்பான்னு நம்பிட்டானாம். தாளக்காரங்க ரெண்டு பேரும் நோட்டு போயிருக்கும்னு நினைச்சுட்டாங்களாம். இத்தனை பேர் கவனக்குறைவா இருந்தா நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?

விழா அன்னைக்கு நல்ல கூட்டம். பள்ளிக்கூட மைதானத்துல பந்தல். முதல் வரிசையில என் சம்சாரம் தமயந்தி, அவளுக்குப் பக்கத்துல இருதயராஜும் அவன் சம்சாரம் பிலோமினாவும். இவன் கையைத் தூளியில போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்கான். வேண்டாம்டா, ஓய்வெடுன்னு சொன்னேன். கேக்கலை.

பொன்னாடை, மாலை, பட்டம் எல்லாம் ஆச்சு. நன்றி சொல்லச் சொன்னாங்க. நான் நன்றி மறக்குறவன் இல்லை தம்பி. ஒருத்தரையும் விடக் கூடாதுன்னு முந்தின நாளே யோசிச்சு வச்சிருந்தேன். தொண்டை டாக்டருக்கு நன்றி. மிளகு டீ போட்டுக் குடுக்குற கடைக்காரருக்கு நன்றி. கோட்டு தைச்சவருக்கு, மைக் செட்காரருக்கு, போஸ்டர் அச்சகத்துக்கு, என்னைப் பாட்டுப் பாட விட்ட ரேஷன் கடை மேலதிகாரிக்கு, அப்புறம் இந்தக் குரலைக் குடுத்த எங்கப்பாவுக்கு. கால் மணி நேரம் பேசினேன். இருதயராஜ் பேரைச் சொல்லலையேன்னு தமயந்தி வீட்டுக்கு வந்து கேட்டா. சொல்லலைதான். கூடவே இருக்குறவனுக்கு என்னன்னு நன்றி சொல்றது? அது அந்நியப்படுத்துற மாதிரி ஆகிடாதா? ஆனா அன்னைக்கு நான் சொல்லாதது அந்த நோட்டு மேல இருந்த கோவத்துல. இதை உங்ககிட்டதான் சொல்றேன். தமயந்திகிட்ட அந்நியப்படுத்துற கதையைத்தான் சொன்னேன்.

அப்புறம் பாட்டு. இருபத்தஞ்சு வயசுல பாடின அதே கட்டையில பாடப் போறேன்னு சொன்னேன். கை தட்டினாங்க. ரூபி ஆரம்பிச்சுது.

முதல் வரி கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. மாலையைக் கழட்டாதது தப்போன்னு நினைச்சேன். ரெண்டாவது வரி ஏறணும். ஏறினேன். தம்பி, எப்படிச் சொல்றது, தினமும் ஏறுற மாடிப்படியில யாரோ ரெண்டு படி கூடுதலாக் கட்டிவச்ச மாதிரி இருந்துச்சு. காலை வச்சா படி அங்கே இல்லை, இன்னும் மேல இருக்கு. சத்தம் கிழிஞ்சு போச்சு. சேவல் கூவுற மாதிரி ஒண்ணு வந்துச்சு. என் வாயிலேருந்துதான் வந்துச்சுன்னு புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. பின்னாடி வரிசையில யாரோ சிரிச்சாங்க.

நான் பாட்டை நிறுத்தினேன். டீச்சரம்மா, சுதியை ஏத்தி வச்சிருக்கீங்க, சரியாப் போடுங்கன்னு சொன்னேன். மைக்குலயேதான் சொன்னேன், தப்பு யார் மேலன்னு ஜனத்துக்குத் தெரியணும்ல.

அந்தப் பொண்ணு பயந்து போய், "சார், ஒரிஜினல் சுதிதான் சார். நீங்க எப்பவும் பாடுறதா சொன்னீங்களே, அதேதான் சார்" அப்படின்னுச்சு.

அந்தப் பொண்ணு முன்னாடியும் ஒரு மைக் இருந்ததை யாரும் கவனிக்கலை. பந்தல் பூராக் கேட்டுச்சு. இந்தத் தடவை சிரிச்சது ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. பட்டம் குடுத்த தலைவரே கைக்குட்டையை வாயில வச்சுக்கிட்டார்.

அப்ப ஓரத்துப் படியில யாரோ தடுமாறி ஏறுற மாதிரி தெரிஞ்சுது. இருதயராஜ். ஒரு கையால பந்தல் கால்களைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறி வந்தான். என்னைப் பாக்கலை. நேரா கீபோர்டுகிட்டப் போனான். இடது கை விரலால ஏதோ ஒரு பட்டனை அமுக்கினான். ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்புறம் ரூபியோட மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "மன்னிக்கணும். மிஷின் என்னோடது. பழைய மிஷின். சுதி தானா ஏறிக்கிது. ஐயா பேர்ல தப்பு இல்லை" அப்படின்னான்.

சர்ச்சுல முழங்கால் போட்டு ஜெபம் பண்றவன் தம்பி. ஆயிரம் பேருக்கு முன்னாடி நின்னு முழுப் பொய் சொன்னான். நான் என்ன பண்ணினேன்? பாத்தீங்களா, மிஷின் கோளாறுன்னு மைக்குல நானும் சொன்னேன். மிஷின் நம்மளை மாதிரி மிளகுத் தண்ணி குடிக்கிறதில்லையேன்னும் சேத்துச் சொன்னேன். ஜனம் கை தட்டுச்சு. மறுபடி எடுத்தேன். வழுக்கிக்கிட்டுப் போச்சு பாட்டு. ஒரு மணி நேரம் பாடினேன். இவன் மேடையை விட்டு இறங்கவே இல்லை. ரூபி பக்கத்துலயே நின்னுக்கிட்டு, நான் சிரிக்கிறப்பெல்லாம் அது காதுல ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தான்.

முடிஞ்சதும் பந்தலுக்குப் பின்னாடி ஒரு வகுப்பறையில கோட்டைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். ரூபி வந்துச்சு. அழுதிருக்கும் போல, மூக்கு சிவந்திருந்துச்சு. சார், மிஷின்ல ஒரு கோளாறும் இல்லை, இவ்வளவு பேர் முன்னாடி எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு ஆகிடுச்சு, உங்களுக்கு மட்டுமாவது உண்மை தெரியணும்னு சொல்லி, கீபோர்டைத் தூக்கிட்டு வந்து பெஞ்சு மேல வச்சுக் காட்டுச்சு. அந்தப் பட்டனை ஒரு தடவை அமுக்கினா அரைக் கட்டை இறங்குமாம். மூணு தடவைக்கு ஒன்றரைக் கட்டை. பெரிய பாடகருங்க அம்பது வயசுக்கு மேல எவ்வளவு குறைச்சாங்களோ, அதை விடக் கூடுதல். எத்தனை வருஷமா சார் இப்படின்னு கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தேன். இப்பப் படிச்சா எல்லாம் வேற மாதிரி இருக்கு. முதல் பக்கத்துல தேதி போட்டிருக்கு, பதினாலு வருஷத்துக்கு முந்தின தேதி. "கோ – 1 குறை. முயற்சி செய்து பார்த்தேன். கோ கவனிக்கவில்லை." நாலு வருஷம் கழிச்சு ரெண்டு. அப்புறம் மூணு. நான் படி ஏறிக்கிட்டே இருக்கேன்னு நினைச்சா, அவன் மாடியைக் கீழே இறக்கிக்கிட்டே இருந்திருக்கான். நடுவுல ஒரு பக்கத்துல இப்படி எழுதியிருந்துச்சு: "தமயந்தி ஆஸ்பத்திரியில். கோவுக்குக் குரலே இல்லை. 4 குறை. தெரிய வேண்டாம்."

அந்த வாரம் எனக்கு நினைவு இருக்கு தம்பி. தமயந்திக்கு வயித்துல ஆபரேஷன். மறுநாள் மேடை, விட முடியாத மேடை. அன்னைக்கு நான் ரொம்ப நல்லாப் பாடினேன்னு எல்லாரும் சொன்னாங்க. துக்கத்துலயும் என் குரல் அசையலைன்னு நானே பல இடத்துல சொல்லியிருக்கேன்.

படிச்சுட்டு அழுதேன்னு நினைக்கிறீங்களா? இல்லை. கோவம் வந்துச்சு. எல்லாருக்கும் தெரியும். தாளக்காரங்களுக்குத் தெரியும். கூடப் பாடுற பொண்ணுக்குத் தெரியும். மைக் செட்காரருக்குத் தெரியும், அவருக்கு நான் பேர் சொல்லி நன்றி வேற சொல்லியிருக்கேன். எனக்கு மட்டும் தெரியாது. சிநேகிதன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டாமா? ரெண்டு மாசம் இவன்கிட்டப் பேசலை. போன் பண்ணினான், எடுக்கலை. பிலோமினா பண்ணுச்சு, தூங்குறேன்னு சொல்லச் சொன்னேன்.

தமயந்திதான் ஒரு நாள் கேட்டா. "அவரு சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

வேற ஆளைப் போட்டிருப்பேன்னு சொன்னேன்.

"அதான் சொல்லலை" அப்படின்னுட்டு அவ பாட்டுக்குக் கீரையை ஆய ஆரம்பிச்சுட்டா.

அவ சொன்னதுக்காகப் போகலை. நோட்டைத் திருப்பிக் குடுக்கணும்ல, அதுக்காகப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு வழி பூரா சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்.

வாசல்ல பிலோமினா, வாங்கண்ணேன்னு சொல்லிட்டு வாயில விரலை வச்சுச்சு. உள்ள கீபோர்டு சத்தம். மாவுக்கட்டு பிரிச்சாச்சு. வேகமா விழுற ஒரு இடம் இருக்கு, எங்க முதல் பாட்டோட நடுவுல, பத்துப் பன்னெண்டு சுரம் சரசரன்னு இறங்கி வரும். கண்ணை மூடிக்கிட்டு வாசிப்பான் இவன். அதையே வாசிச்சுக்கிட்டு இருந்தான். ஏழாவது எட்டாவது சுரத்துல விரல் சறுக்குது. நிறுத்துறான். மறுபடி முதல்லேருந்து. மறுபடி அதே இடத்துல சறுக்குது. வலது கையில கடைசி ரெண்டு விரலும் சரியா மடங்கலைண்ணே, இதுக்கு மேல வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு பிலோமினா காதோட காதா சொல்லுச்சு. ரூபியையே நிரந்தரமா வச்சுக்கச் சொல்லி எனக்குக் கடுதாசி எழுதி வச்சிருக்கானாம். நேர்ல சொல்லத் தைரியம் இல்லையாம்.

நான் உள்ள போனேன். அவன் திரும்பிப் பாத்தான். நலம் விசாரிப்பு ஒண்ணும் இல்லை. "கேட்டுக்கிட்டா இருந்தே? எப்படி இருக்கு?" அப்படின்னான்.

தம்பி, முப்பத்துநாலு வருஷத்துல நான் அவனை நல்லா வாசிச்சேன்னு சொன்னதே இல்லை. சொல்லணும்னு தோணினதில்லை. அன்னைக்குச் சொன்னேன். "நல்லாத்தானே இருக்கு. எப்பவும் போல இருக்கு."

"பொய் சொல்றே கோவர்த்தனா."

"எனக்கு உன்னை மாதிரி பொய் சொல்ல வராதுடா" அப்படின்னேன்.

அவன் கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டான். எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. அப்புறம், நோட்டு உங்கிட்டதான் இருந்துச்சான்னு கேட்டான். இருந்துச்சுன்னேன். படிச்சியான்னான். உன் எழுத்து யாருக்குடா புரியும், டைப் அடிச்சுப் பழகினவன் எழுத்துன்னு சொன்னேன். கேக்க வந்த நாலு கேள்வியும் எங்கே போச்சுன்னே தெரியலை.

ரூபி பேச்சை அவன் எடுக்குறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். இங்க பாரு, இனிமே பாட்டு எல்லாத்தையும் கொஞ்சம் நிதானமா எடுக்கணும், எனக்கு மூச்சு வாங்குது, அந்த வேகத்துக்கு என்னால ஆகலைன்னு சொன்னேன். நான் சொன்னேன் தம்பி. என் வாயால. எனக்கு வயசாச்சுடான்னுகூடச் சொன்னேன். பிலோமினா கதவுகிட்ட நின்னுக்கிட்டு என்னையே பாத்துச்சு. வேகம் குறைஞ்சா அவன் விரலுக்கு ஒரு சுரத்துலேருந்து இன்னொரு சுரத்துக்குப் போக நேரம் கிடைக்கும். ரூபி வாசிக்கிற வேகம் எனக்கு ஒத்து வராது, நீதான் வரணும்னு சொன்னேன். அவன் நம்பினானா இல்லையான்னு தெரியாது. கடுதாசியை எடுக்கலை.

எனக்கு மூச்சு வாங்குறதில்லை, அதை மட்டும் நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இப்ப இவ்வளவு நேரம் பேசுறேனே, வாங்குதா? நடுவுல நிறுத்தினது இந்தப் பஸ் குலுக்குறதால.

ரூபி டீச்சரைக் கூட்டிவச்சு, அவங்க மேல தப்பில்லைன்னு அடுத்த மேடையில சொல்லிட்டேன். யார் மேல தப்புன்னு சொல்லலை. அது எதுக்கு, பழைய கதை.

மூணு மேடை ஆச்சு. நிதானமாப் பாடுறது என்னோட புது பாணின்னு எல்லாரும் சொல்றாங்க. உத்தமபாளையத்துல ஒருத்தர், ஐயா இப்ப ஒவ்வொரு வார்த்தையையும் அனுபவிச்சுப் பாடுறீங்கன்னார். ஆமா, ரொம்ப யோசிச்சுக் கொண்டுவந்த மாத்தம்னு சொன்னேன். இருதயராஜ் கீபோர்டுக்குப் பின்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அது அடக்கம் இல்லைன்னு இப்ப எனக்குத் தெரியும். சிரிக்கிறான். சிரிக்கட்டும். பட்டனை எத்தனை தடவை அமுக்குறான்னு நான் பாக்குறதில்லை. அந்த நேரத்துல ஜனத்தைப் பாத்துத் திரும்பிக்கிடுவேன்.

தாளக்காரங்க எல்லாம் சாமானோட வேன்ல போறாங்க. வேன் குலுக்கினா அவன் கைக்கு வலிக்கும். வேன் தூசி என் தொண்டைக்கு ஆகலைன்னு சொல்லித்தான் பஸ்ல கூட்டிட்டு வர்றேன்.

அந்தா, முழிச்சுக்கிட்டான். திரும்பிப் பாக்குறான். சிரிங்க, நம்ம ஏதோ அரசியல் பேசினோம்னு நினைச்சுக்கட்டும்.

நீங்களும் கம்பத்துலதான இறங்குறீங்க? அப்ப ஒரு உதவி. ஆறு மணிக்கு மாரியம்மன் கோயில் மைதானத்துக்கு வந்துடுங்க. முன்னாடி இடம் போட்டு வைக்கச் சொல்றேன். முதல் பாட்டுல முதல் சரணம் முடிஞ்சு நான் மைக்கை விட்டு ஒரு எட்டு பின்னாடி போவேன். கீபோர்டு மட்டும் தனியா இறங்கி வரும். எவ்வளவு நிதானமாப் போனாலும் அந்த இடத்துல அவன் விரல் சறுக்கத்தான் செய்யுது. நான் பின்னாடி எட்டு வச்ச உடனே நீங்க கை தட்டிடுங்க. பலமாத் தட்டுங்க. நீங்க ஆரம்பிச்சா பக்கத்துல இருக்குறவங்களும் தட்டுவாங்க. அந்தச் சத்தத்துல சறுக்குறது யாருக்கும் கேக்காது, அவனுக்கே கேக்காது.

ஆனா அவனைப் பாத்துத் தட்டிடாதீங்க தம்பி, சந்தேகப்படுவான். என்னைப் பாத்துத் தட்டுங்க. நான் கும்பிடு போட்டுக்கிறேன்.